உரம் போட்டும் பச்சை கட்டவில்லையா? கொங்குத் தோட்டங்களில் தழைச்சத்துக் கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

"யூரியா போட்டுப் பத்து நாளாகிறதுங்க, பயிர் வெளுத்தே நிற்கிறது, இன்னொரு மூட்டை போடட்டுங்களா?" கோபி, பவானி, பல்லடம், காங்கேயம் என எந்தப் பக்கம் போனாலும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மூட்டையைப் பிரிப்பதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள் என்பதுதான் எப்போதும் என் பதில்.

யூரியா தருவது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். தூவிய யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வேர் எடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான். மாற்றும் வேலை எவ்வளவு வேகமாக நடக்கும், எந்தக் கட்டத்தில் நின்றுபோகும், எப்போது சத்து காற்றோடு போய்விடும் என்பதை மண்ணின் சூடும் ஈரமும் முடிவு செய்கின்றன. வெயில் கடுமையாகி, மழையும் பரவலாகப் பெய்யாமல் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற காலத்தில் பழைய நாள் கணக்கில் உரம் போட்டால் பாதி மூட்டை பயிருக்குச் சேராது. கீழே உங்கள் வயலில் தெரிகிற அறிகுறியைப் பார்த்து அந்தப் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கிறது. அதைத் தாண்டி அடுத்ததற்கு ஓட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்: இது தழைச்சத்துக் குறைவுதானா?

எந்த இலை வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். அடி இலைகள் முதலில் வெளுத்து, குருத்து பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவுதான். மக்காச்சோளத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அடி இலையின் நுனியில் தொடங்கி நடுநரம்பைப் பிடித்துக்கொண்டு ஆப்பு வடிவில் மஞ்சள் உள்ளே இறங்கும்.

குருத்து இலை வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. ஈரோட்டுப் பக்கத்து மஞ்சளிலும், சுண்ணாம்பு மண்ணில் நிற்கும் கரும்பிலும் நிலக்கடலையிலும் இதைத்தான் பலரும் யூரியாப் பற்றாக்குறை என்று நினைத்து மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 100 கிராம் யூரியாவும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். ஒரு வாரத்தில் குருத்து நிறம் மாறினால் கோளாறு தீர்ந்தது. இந்த வழிமுறையின் மற்ற பகுதிகள் உங்களுக்குத் தேவையில்லை. குருத்து இலை கோடில்லாமல் ஒரே சீராக வெளுத்தால் கந்தகக் குறைவைச் சந்தேகியுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: மண்வெட்டி, மளிகைக் கடையில் கிடைக்கும் வினிகர் ஒரு புட்டி, முடிந்தால் மண்ணில் குத்தும் வெப்பமானி, உரம் போட்ட தேதியும் தண்ணீர் கட்டிய தேதியும் எழுதிய ஒரு நோட்டு. இந்த நான்கில் நோட்டுதான் அதிகம் உதவுகிறது. அதுதான் பெரும்பாலானவர்களிடம் இருப்பதும் இல்லை.

அறிகுறி 1: யூரியா போட்டு ஒரு வாரமாகிறது, மழை இல்லை, பச்சையும் இல்லை

*தண்ணீர் கட்டிய பிறகு ஈரத்தின் மேல் தூவினீர்களா?*

இதுதான் முதல் சந்தேகம், பெரும்பாலும் இதுவே கடைசியும். நோட்டைப் பாருங்கள். தண்ணீர் கட்டி, மறுநாள் கால் பதியும் பக்குவத்தில் யூரியா தூவி, அடுத்த தண்ணீர் எட்டு நாள் கழித்து என்றிருந்தால் சத்து எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. ஈரமான மேல்மண்ணில் யூரியா கரையும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளிலேயே நுண்ணுயிர் நொதிகள் அதை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். மண்ணுக்குள் இறங்க வழியில்லாத அம்மோனியா காற்றில் கலந்துவிடும். வெறும் பனி ஈரமும் சிறு தூறலும் இதைவிட மோசம். யூரியாவைக் கரைக்கப் போதுமான ஈரம் அது, உள்ளே இறக்கப் போதாத ஈரம்.

சரிசெய்வது: வரிசையை மாற்றுங்கள். முதலில் யூரியா, அதே நாளில் தண்ணீர். அரை அங்குல மழைக்குச் சமமான தண்ணீர் போனாலே பெரும்பகுதி வேர் மட்டத்துக்கு இறங்கிவிடும். தண்ணீர் கட்ட முடியாத காட்டில் தூவாமல், செடிக்குப் பக்கத்தில் கொத்தி வைத்து மண் மூடுங்கள். சொட்டுநீர் உள்ளவர்கள் பாசனத்தின் நடுப்பகுதியில் உரத்தை விட்டு, கடைசியில் சிறிது நேரம் வெறும் தண்ணீர் ஓட்டுங்கள்.

*மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா?*

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் கரிசலிலும் செம்மண்ணிலும் பல இடங்களில் ஓரடி தோண்டினாலே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வரும். ஒரு பிடி காய்ந்த மண்ணைத் தட்டில் போட்டு வினிகரை ஊற்றி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். நுரை தெரியாவிட்டாலும் மெல்லிய சீறல் கேட்டால் சுண்ணாம்பு உண்டு. இந்த மண்ணில் பி.எச்., அதாவது கார அமில நிலையைக் காட்டும் எண், பெரும்பாலும் 8-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும், அம்மோனியா தப்பிப் போவதும் வேகமாக நடக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "யூரியாதானே ஆவியாகிறது, அம்மோனியம் சல்பேட் போட்டால் சரியாகிவிடும்" என்று உரக்கடையில் சொல்வார்கள். சுண்ணாம்பு மண்ணில் அம்மோனியம் சல்பேட்டும் சுண்ணாம்போடு வினைபுரிந்து அம்மோனியாவை வெளியே விடும். எந்த உரமானாலும் இந்த மண்ணில் மேலே கிடக்கக் கூடாது, மூடியாக வேண்டும்.

*மண் வறண்டு கிடக்கிறதா?*

அரையடி ஆழத்தில் மண் எடுத்துக் கையில் பிடியுங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உடைந்தால் ஈரம் சரி. உருண்டையே பிடிக்கவில்லை என்றால் நைட்ரேட் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தியிருக்கும். போட்ட உரம் கரையாமலோ, கரைந்து நகராமலோ கிடக்கும். இதற்கு மருந்து தண்ணீர் மட்டும்தான். கூடுதல் உரம் போட்டால் மண்ணில் உப்புதான் ஏறும். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் உங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் வரும் நாள் தெரிந்திருந்தால், மேலுரத்தை அந்த நாளுக்குத் தள்ளி வையுங்கள். பயிர் வயதுக் கணக்கில் நான்கு நாள் பிந்தினாலும் நட்டமில்லை.

*மண் சூடு ஏறிவிட்டதா?*

பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு, விரல் நீள ஆழத்தில் வெப்பமானியைக் குத்துங்கள். 25 முதல் 35 டிகிரி வரை நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிர்களுக்கு நல்ல வேலை நேரம். 40-ஐத் தாண்டினால் அவை தளர்ந்துவிடும். ஆனால் மக்கை (மண்ணில் மட்கிக் கிடக்கும் இலைதழை, எருப் பொருளை) உடைத்து அம்மோனியம் விடும் நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மண்ணில் அம்மோனியம் சேரும், நைட்ரேட் குறையும், சுண்ணாம்பு மண்ணானால் சேர்ந்ததும் ஆவியாகும். தென்னங்கீற்று, கரும்புச் சோகை, காய்ந்த களை என எது கிடைத்தாலும் மேலே பரப்பி மூடாக்குப் போடுங்கள். மண்ணோடு கலக்க வேண்டாம், காரணம் அறிகுறி 5-இல் இருக்கிறது.

*தண்ணீரில் உப்பா?*

நொய்யல் கரையிலும், சாயக்கழிவு இறங்கிய கிணறுகளைச் சுற்றியும் இதைப் பார்க்க வேண்டும். உப்பு ஏறிய மண்ணில் நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிர்கள் பின்வாங்கும், வேரும் தண்ணீரை இழுக்கத் திணறும். வரப்பிலும் பாத்தி மேட்டிலும் வெள்ளை படிந்திருந்தால் இதற்கு மேல் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். மண், தண்ணீர் இரண்டின் மாதிரியையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் பார்க்காமல் இங்கே உரப் பரிந்துரை சொல்கிறவர் யாரானாலும் நம்ப வேண்டாம்.

அறிகுறி 2: நன்றாக இருந்த பயிர், பெருமழைக்குப் பிறகு நான்கைந்து நாளில் வெளுத்துவிட்டது

ஐப்பசி மழையில் மஞ்சள் தோட்டங்களில் தவறாமல் வருவது இது. இரண்டு காரணங்கள் உண்டு, சரிசெய்வது வேறு வேறு. மண்வெட்டியால் ஓரடிக் குழி வெட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

*குழியில் தண்ணீர் ஊறி நிற்கிறது, மண் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அழுகிய நாற்றம் அடிக்கிறது.* கரிசலிலும் தாழ்வான பாத்திகளிலும் இதுதான் நடக்கும். மண்ணின் துளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் நிறைந்துவிட்டால் காற்று புகாது. அப்போது சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை மூச்சுக்குப் பயன்படுத்திக்கொண்டு, அதை நைட்ரஸ் ஆக்சைடாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் வெளியே விட்டுவிடும். மண் சூடாக இருக்கும்போது இந்த இழப்பு வேகமெடுக்கும். பொதுவாகப் பத்து டிகிரி கூடினால் நுண்ணுயிர்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மார்கழிக் குளிரில் இரண்டு நாள் தேங்கிய தண்ணீரைப் பயிர் தாங்கிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் கொட்டும் மழை அதே இரண்டு நாள் தேங்கினால் தாங்காது. இப்படிப் போகும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரம் நம் தலைக்கு மேலேயே சூட்டைக் கூட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரிசெய்வது: முதல் வேலை வடிகால். பாத்தியின் தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டி விடுங்கள். தண்ணீர் நிற்கும்போது யூரியா போடவே கூடாது, அதுவும் அதே வழியில் போகும். வடிந்து, கையில் உருண்டை பிடித்து உடையும் பக்குவம் வரும்வரை ஒரு சதவீத யூரியாக் கரைசலை, அதாவது 10 லிட்டருக்கு 100 கிராம், இலை வழியாகக் கொடுங்கள். பக்குவம் வந்த பிறகு வழக்கமான மேலுரத்தில் பாதியை மட்டும் வைத்து மூடுங்கள்.

*குழியில் தண்ணீர் இல்லை, மண் பொலபொலவென்று இருக்கிறது, வேர் வெள்ளையாக நலமாக இருக்கிறது.* மணற்பாங்கான செம்மண்ணில் இதுதான். நைட்ரேட் தண்ணீரோடு வேர் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. இங்கே வடிகால் வெட்டிப் பயனில்லை. உரத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்துப் போடுங்கள். அடுத்த பட்டத்தில் தொழுவுரம் சேர்த்து மண்ணின் பிடிமானத்தைக் கூட்டுங்கள்.

*நிபுணரைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* மஞ்சள் செடியைப் பிடித்து இழுத்தால் அடித்தண்டு சதசதவென்று கையோடு வந்தால், அது தழைச்சத்துக் கதையில்லை, கிழங்கழுகல். அன்றே தோட்டக்கலை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அழையுங்கள். நிறம் வரட்டும் என்று யூரியா போட்டால் அழுகல் பரவ வழிவிடுவீர்கள்.

அறிகுறி 3: நெல் வயலில் மேலுரம் போட்டும் நிறம் ஏறவில்லை

இங்கே முதலில் கேட்க வேண்டியது எந்த வாய்க்கால் என்பதுதான்.

*கீழ்பவானிக் கடைமடையா, தண்ணீர் விட்டு விட்டு வருகிறதா?* வயல் காய்ந்து வெடிக்கிற நாட்களில் காற்று உள்ளே போகும், அம்மோனியம் நைட்ரேட்டாகும். அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் அந்த நைட்ரேட்டில் பெரும்பகுதி வாயுவாகப் போகும். ஒவ்வொரு காய்ச்சலும் பாய்ச்சலும் இப்படி ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் மிச்சம் என்று காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்வதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெடிப்பு விழும்வரை விடாதீர்கள். மேலுரத்தைத் தண்ணீர் வருவதற்குச் சற்று முன் சேற்றில் போட்டு, கோனோ வீடர் என்னும் களைக்கருவியை ஓட்டி உள்ளே அமுக்கி, உடனே தண்ணீரைக் கட்டுங்கள். உள்ளே போன அம்மோனியம் காற்றுப் படாமல் அப்படியே இருக்கும்.

*கொடிவேரி அணைக்கட்டின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டைப் பாசனமா, தண்ணீர் எப்போதும் நிற்கிறதா?* தண்ணீரின் மேல் பாசி படர்ந்திருக்கிறதா என்று நண்பகலில் பாருங்கள். வெயிலில் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் தண்ணீரின் பி.எச். பகலில் 9-ஐக்கூடத் தாண்டும். அதன் மேல் வீசிய யூரியா அம்மோனியாவாகிப் பறந்துவிடும். தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் போடுங்கள், போடுவது மாலையாக இருக்கட்டும்.

இரண்டு இடத்துக்கும் பொதுவாக, இலையின் பச்சையை எண்ணிட்ட நிறப்பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நன்கு விரிந்த மேல் இலையை உங்கள் உடல் நிழலில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை. அதற்குக் கீழே போனால் மட்டும் உரம்.

அறிகுறி 4: கோடை மழைக்குக் குப்பென்று பச்சை கட்டிய பயிர், மாதம் திரும்புமுன் வெளுத்துவிட்டது

தாராபுரம், காங்கேயம், பல்லடத்து மேட்டாங்காடுகளில் சோளம் விதைக்கிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மண்ணில் நுண்ணுயிர்களில் கணிசமான பகுதி செத்துப்போகும், மிச்சம் உறங்கும். முதல் மழை விழுந்து சில மணி நேரத்திலேயே உறங்கியவை எழுந்து, செத்தவற்றையும், காய்ச்சலில் உடைந்து வெளிப்பட்ட மக்கையும் தின்னத் தொடங்கும். ஒரே வாரத்தில் ஏராளமான அம்மோனியமும் நைட்ரேட்டும் வெளியே வரும். முதல் மழைக்குக் காட்டில் எழும் மண்வாசனையும் நுண்ணுயிர்கள் உண்டாக்கி மண்ணில் விட்ட ஒரு பொருளின் வாசனைதான்.

அந்த வாரத்தில் மண்ணில் வேர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. வேர் இல்லையென்றால் அடுத்த மழை அந்த நைட்ரேட்டைக் கீழே இறக்கிவிடும். பிந்தி விதைத்த சோளத்துக்குச் சக்கைதான் மிஞ்சும்.

சோதனை: முதல் நல்ல மழை பெய்த தேதி, விதைத்த தேதி, அடுத்த பெருமழையின் தேதி மூன்றையும் எழுதுங்கள். மழைக்கும் விதைப்புக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நாள் இடைவெளி இருந்து, அதற்குள் இன்னொரு பெருமழையும் பெய்திருந்தால் காரணம் இதுதான்.

சரிசெய்வது: இந்தப் பட்டத்துக்கு, ஈரம் இருக்கும்போது மேலுரம் ஒரு சிறு பங்கு வைத்து மூடுங்கள். வரும் ஆண்டுக்கு, உழவையும் விதையையும் மழைக்கு முன்பே தயாராக வைத்துக்கொண்டு ஈரம் காய்வதற்குள் விதையுங்கள். பிரதான பயிருக்குப் பட்டம் வரவில்லையென்றால் தட்டைப்பயறோ, கொள்ளோ, பலதானியமோ விதைத்து அந்தச் சத்தைச் செடிக்குள் பிடித்து வையுங்கள். பிறகு மடக்கி உழுதால் திரும்ப மண்ணுக்கே வரும். கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டை, உழாமல் கொழுக்கட்டைப் புல்லோடு வைத்திருக்கும் நம் முன்னோர் வழக்கம் இந்தக் கோளாறுக்கு மிக நல்ல தடுப்பு. முதல் மழையின் சத்தை நிரந்தர வேர் உடனே எடுத்துக்கொள்கிறது. கொறங்காட்டை உழுது விதைக்காடாக்க யோசிப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆட்டுப்பட்டி அடைக்கிறவர்களுக்கு ஒரு சொல்: பட்டி பெயர்ந்த அன்றே அந்த இடத்தை உழுது விடுங்கள். மூத்திரத்தின் தழைச்சத்து யூரியாதான். மேலே கிடந்தால் அறிகுறி 1-இல் சொன்னபடியே போய்விடும்.

*கிணறு:* கீழே இறங்கிய நைட்ரேட் கடைசியில் கிணற்றுக்குத்தான் போகிறது. தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை வீட்டில் குடிக்கிறீர்கள் என்றால், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நைட்ரேட் சோதனை செய்யுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது. காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டுவதால் கூடத்தான் செய்யும்.

அறிகுறி 5: இயற்கை உரம் நிறையப் போட்டேன், அதற்குப் பிறகுதான் வெளுத்தது

போட்டது என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் பச்சைத் தென்னைநார்க் கழிவு, கரும்புச் சோகை அல்லது மக்காச்சோளத் தட்டு. கரிச்சத்து மிகுந்த இந்தப் பொருள்களைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். கழிவில் இல்லாததால் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிருக்கும் அவற்றுக்கும் நடக்கும் போட்டியில் எப்போதும் நுண்ணுயிர்தான் முந்தும். மட்காத தென்னைநார்க் கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரி உண்டு. அது இருபத்தைந்துக்கு அருகே இறங்கினால்தான் பயிருக்குச் சத்து விடத் தொடங்கும்.

சோதனை: வேர் மட்டத்தில் ஒரு பிடி எடுத்து உதறிப் பாருங்கள். நார் நாராக, போட்ட நிறத்திலேயே இருந்தால், வெள்ளைப் பூஞ்சை இழை ஓடியிருந்தால், மட்கல் நடுவழியில் நிற்கிறது.

சரிசெய்வது: வேரைச் சுற்றிச் சிறிது யூரியா வைத்துத் தண்ணீர் கட்டுங்கள். மண் சூடும் ஈரமும் நன்றாக இருந்தால் சில வாரங்களில் தானே தெளியும், வறட்சியில் மாதக்கணக்கில் இழுக்கும். இனிமேல் மட்காததை மண்ணோடு உழாமல் மேலே மூடாக்காக மட்டும் போடுங்கள். உழுதுதான் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் மட்கச் செய்யுங்கள். பொள்ளாச்சியின் தென்னைநார்க் கழிவுக்கும் நாமக்கல் கோழி எருவுக்கும் இயற்கையாகவே பொருத்தம் உண்டு. ஒன்றில் கரி மிகுதி, மற்றதில் தழைச்சத்து மிகுதி. அடுக்கடுக்காகப் போட்டு, நிழலில், பிழிந்தால் ஓரிரு துளி கசியும் ஈரத்தில் வைத்து, அவ்வப்போது புரட்டி விடுங்கள்.

கோழி எருவைத் தனியாக, புதிதாக, செடியின் அடியில் போட்டுக் குருத்து கருகியிருந்தால் அது நேர் எதிரான கோளாறு. யூரிக் அமிலம் வேகமாக உடைந்து அம்மோனியா வேரைச் சுட்டிருக்கிறது. எருவை விலக்கி, நன்றாகத் தண்ணீர் கட்டுங்கள்.

அறிகுறி 6: கடலையும் உளுந்தும் வெளுத்திருக்கின்றன

செடியைப் பிடுங்காமல் மண்ணோடு பெயர்த்தெடுத்து, தண்ணீரில் அலசி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றின் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது, வெளுப்புக்குக் காரணம் வேறு. சுண்ணாம்பு மண்ணானால் இரும்பைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை. முடிச்சே இல்லையென்றால் அடியுரமாக யூரியா அதிகம் போட்டீர்களா என்று யோசியுங்கள். மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தால் செடி முடிச்சு போடாது.

சூடும் வறட்சியும் தேங்கிய தண்ணீரும் மூன்றுமே முடிச்சைக் கெடுக்கும். ஆனால் நான் அதிகம் பார்ப்பது, வெயில் படும் கடை அலமாரியில் கிடந்து செத்துப்போன நுண்ணுயிர் உரப் பொட்டலம். காலாவதித் தேதி பாருங்கள், நிழலான இடத்தில் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். ஆறிய கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். பூஞ்சைக்கொல்லி பூச வேண்டுமென்றால் அதை முதலில் பூசி, ஒரு நாள் கழித்து ரைசோபியம்.

அறிகுறி 7: வறட்சிக்குப் பின் மழை பெய்து, தீவனச் சோளம் கரும்பச்சையாகத் துளிர்த்திருக்கிறது

பார்க்க அழகாக இருக்கும் இந்த அறிகுறியில்தான் உயிர்ச்சேதம் இருக்கிறது. மழைக்கு மண்ணில் பொங்கிய நைட்ரேட்டை, வறட்சியில் வளராமல் நின்ற சோளம் அளவுக்கு மேல் எடுத்து அடித்தண்டில் சேர்த்து வைக்கும். இளந்துளிரில் சயனைடு விஷமும் இருக்கும். பசியோடு அவிழ்த்துவிட்ட மாடு சிறிது நேரத்திலேயே விழுந்துவிடலாம்.

என்ன செய்வது: மழைக்குப் பிறகு துளிர்த்த சோளத்தில் மாட்டை விடாதீர்கள். பூக்கும்வரை காத்திருங்கள். அறுத்தால் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு அறுங்கள். வெட்டிக் காயவைத்தால் சயனைடு குறையும், நைட்ரேட் குறையாது. ஆகவே "காயவைத்துவிட்டேன், பயமில்லை" என்று இருக்க வேண்டாம்.

மாடு மூச்சுத் திணறினால், தள்ளாடினால், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், அந்த நிமிடமே கால்நடை மருத்துவரை அழையுங்கள். என்ன மேய்ந்தது என்பதைச் சொல்லுங்கள். இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தால் நைட்ரேட், மிகச் சிவப்பாக இருந்தால் சயனைடு. இரண்டுக்கும் ஊசி வேறு வேறு, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி 8: அதே விளைச்சலுக்கு ஆண்டுக்கு ஆண்டு யூரியா கூடிக்கொண்டே போகிறது

எளிய காரணம் ஏதுமில்லாத, செலவு அதிகம் பிடிக்கும் கோளாறு இது. மேலே சொன்ன சோதனைகளையெல்லாம் செய்து முடித்த பிறகும் இது நின்றால், மண்ணின் மக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது. சூடான மண்ணில் நுண்ணுயிர்கள் மக்கை வேகமாகத் தின்று தீர்க்கின்றன, நாம் திரும்பக் கொடுப்பது அந்த வேகத்துக்கு ஈடாக இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரச் சோதனை வயல், எரு போட்ட மண்ணும் போடாத மண்ணும் காலப்போக்கில் எப்படிப் பிரிந்து போகின்றன என்பதைப் பார்க்கவே தொடங்கப்பட்டது. ஒரு பட்டத்தில் மாறுகிற சங்கதியில்லை இது.

இங்கே மண் ஆய்வு இல்லாமல் நகர முடியாது. உரம் போடுவதற்கு முன், பட்டம் முடிந்த வயலில், வரப்போரமும் எருக்குழியோரமும் மர நிழலும் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டிச் சீவல் எடுங்கள். கலந்து, கால் பங்காக்கி, அரைக்கிலோவை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் மண் ஆய்வகத்தில் கொடுங்கள். ஆய்வு முடிவாக வரும் மண்வள அட்டையில் இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கக கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே, கிடைக்கும் தழைச்சத்து எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் இரண்டுமே குறைவு. இந்த வயலுக்கு யூரியா மட்டும் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். கோடையில் மண்ணை மொட்டையாக விடாதீர்கள்.

அட்டையை வாங்கிக்கொண்டு அப்படியே உரக்கடைக்குப் போகாதீர்கள். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணியல் படித்தவர் ஒருவர் இருப்பார். ஈரோட்டுக்குக் கோபிசெட்டிபாளையம், திருப்பூருக்குப் பொங்கலூர், கோவைக்குக் காரமடை, நாமக்கல்லுக்கு அங்கேயே. அட்டையையும், தேதி எழுதிய அந்த நோட்டையும் இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அட்டையில் இருப்பது மாதிரி எடுத்த ஒரு நாளின் அளவு. எந்த வாரத்தில் எவ்வளவு சத்து போனது என்பது நோட்டிலிருந்துதான் அவருக்குத் தெரியும்.